கடவையில் நிற்கும் பஸ்

சங்கத்தின் விதிகள் ஒன்றரைப் பக்கம்.
பலகையின் இரண்டு முனையிலும் தண்டவாளம்
நிலத்திலிருந்து ஒரு மீட்டர், மில்லிமீட்டர் பிசகாமல்.
சிவப்பு வயர் பின்னால், கறுப்பு முன்னால்.
முனையில் நாலு விரலுக்கு
மலை வேண்டாம், வீடு வேண்டாம், புல் மட்டும்.
நடுவில் கிடப்பது
உங்கள் பாடு.

ரெத்லிஸ்பெர்கர் பாலம் கட்டினார்,
பன்னிரண்டு வளைவு, எல்லாவற்றிலும் பனி.
வெரேனா கோட்டை கட்டி
அதற்கு ஒரு மூலையில் தீயும் வைத்தாள்,
குமிழ் மினுங்கும்.
நான் கட்டியது
லாங்கென்தாலுக்கு வெளியே
நாளுக்கு ஆறு தரம் என் பஸ்ஸை மறிக்கிற கடவை.

அங்கே நின்று நின்று எல்லாம் பாடம்.
இடப்பக்கம் சோளம்.
வலப்பக்கம் போத்தல் போடும் மூன்று பச்சைத் தொட்டி,
நடுத்தொட்டிக்கு மூடி உடைசல்.
முழுதாய் ஒரு மூடி செய்து
பிறகு உடைத்தேன்.

வடித்த தேயிலையைக் காயவைத்தால்
உதிர்ந்த இலை.
சரளைக்கு மணல், அதன்மேல் பசைத்தண்ணி,
சொட்டுச் சொட்டாய்,
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்து.
கலக்காவிட்டால் பசை
முத்தாய் உருண்டு மேலேயே நிற்கும்,
கல்லுக்குள் இறங்காது.
பதினொரு மாதம் குசினி மேசையில்.
செல்வரூபன்
நின்றுகொண்டு சாப்பிடப் பழகினான்.

பஸ் ஏழரை சென்டிமீட்டர்.
ஓட்டுநரைத் தனியே விற்பதில்லை.
"இருக்கும் பயணிகள், ஆறு பேர்" பெட்டியிலிருந்து
ஒருத்தியை எடுத்தேன்.
ஸ்டியரிங்குக்குப் பின்னால் கால் கொள்ளவில்லை.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முழங்காலோடு வெட்டி
முகத்துக்கு மண்ணிறத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
மூச்சை அடக்கித்தான் வைக்க வேண்டும்.

சனிக்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம்.
நாற்பத்தொரு பலகை முனையோடு முனை.
ரெத்லிஸ்பெர்கரின் தை மாதத்திலிருந்து
ஒரு மயிரிடை தாண்டி
என் ஆடி மாதத்துக்குள் வந்த கோச்சி
மூன்றாம் பெட்டியோடு கவிழ்ந்தது.

அவர் மட்டக்கோலோடு முழந்தாளிட்டார்.
அவர் பலகையும் சரி,
என் பலகையும் சரி.
நிலம்தான் சரிவு.
பந்தடிக்கிறவர்கள் இதை யாருக்கும் சொன்னதில்லை.
பியர்க் குவளைக்கு வைக்கும் அட்டையை எடுத்து
யார் காலுக்குக் கீழே என்று கொஞ்சம் யோசித்து
என் காலுக்குக் கீழே செருகினார்.
பிறகு ஓடியது.
பதினொரு மாதத்தைக் கடக்க
அதற்கு நாலு விநாடி.
கூரையில் ஒரு பொட்டுப் பனியும் இல்லை,
அதை ஒருவரும் கேட்கவில்லை.

கன்னத்தைப் பலகையில் வைத்தபடி ஒரு பொடியன்.
தடி விழுகிறது. கோச்சி போகிறது.
தடி எழும்புகிறது.
பஸ் நிற்கிறது.
"இப்ப போகலாமே" என்றான் பஸ்ஸுக்கு.
ஒட்டியிருக்கிறது என்றேன்.
"ஏன்?"
காரில் கொண்டுவரும்போது உருளும் என்று சொல்லியிருக்கலாம்,
உண்மையும் அதுதான்.
வாய் வரவில்லை.
அவனே பார்த்து முடிவெடுத்தான்:
"அப்ப இன்னொண்டு வருது."

வந்தது.
பனிப்பாலத்திலிருந்து, அதே கோச்சி.

திங்கட்கிழமை தடி எழும்பிய பிறகும்
ஒரு விநாடி நின்றேன்.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

புதன்கிழமை பார்த்தால்
நடுத்தொட்டிக்குப் புது மூடி.
யாரோ நகரசபை ஆள்,
இரண்டு ஆணி, ஐந்து நிமிட வேலை.
இனிப் பிழை
என் பலகையில்.
திருத்தலாம்,
பச்சை இன்னும் அரைக் குப்பி மிச்சம் இருக்கிறது.